திமிங்கிலத்தின் தோலில் ஒரு வரலாறு

ஆயர் ஈத்தாம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை பேருந்து நிற்கும் இடமும் சாலையோர மண்பாண்டக் கடைகளும்தான். எங்கள் ஊரில் கடல் இல்லை. ஆனால் ஊர் வழியே செல்லும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலை, மேற்கே பத்து பகாட்டையும் கிழக்கே குளுவாங்கைக் கடந்து மெர்சிங்கையும் இணைக்கிறது. மெர்சிங்கில் தென்சீனக் கடல் காத்திருக்கிறது.

கடந்த விடுமுறையில் வீட்டில் அமர்ந்து திமிங்கிலங்களின் மரபணு பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். பாட்டி எட்டிப் பார்த்தார்.

"மீனைப் பற்றிப் படிக்கவா உன்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம்?"

"பாட்டி, திமிங்கிலம் மீன் இல்லை."

"அப்புறம் ஏன் தண்ணியில கிடக்குது?"

எனக்கு விடை தெரியும். ஆனால் தமிழில் வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவன் நான். இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் என்று மாறியதில், தெரிந்ததைச் சொல்லத் தெரியாதவன் ஆகிவிட்டேன். அன்று பாட்டிக்குச் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திமிங்கிலம் யார்?

திமிங்கிலம் நுரையீரலால் சுவாசிக்கிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நான்கு கால்களால் நடந்த விலங்குகளே அதன் மூதாதையர். அவற்றின் எலும்புப் படிவங்கள் இன்றைய பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் கிடைத்துள்ளன. இன்று வாழும் விலங்குகளுள் திமிங்கிலத்திற்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை. இவ்வுறவை உறுதிப்படுத்தியதில் மரபணு ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தோலின் ஒரு துண்டு

நாற்பது டன் எடையுள்ள விலங்கிடமிருந்து மரபணுவை எப்படி எடுப்பது? ஆய்வாளர்கள் சிறு படகில் நெருங்கி, வில் போன்ற ஒரு கருவியால் மிதக்கும் அம்பு ஒன்றை எய்கின்றனர். அதன் நுனி குழாய்போல் இருக்கும். அது விரல்நுனி அளவு தோலையும் கொழுப்பையும் எடுத்துக்கொண்டு நீரில் விழுந்து மிதக்கும். பிறகு அதை எடுத்துப் பதப்படுத்தி ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு செல்வார்கள். திமிங்கிலத்தின் உடலிலிருந்து தானாக உரிந்து மிதக்கும் தோலும் பயன்படும்.

அந்தத் துண்டில் இரண்டு வகை டி.என்.ஏ. உள்ளது. உயிரணுவின் கருவில் இருப்பது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது. இழைமணி எனப்படும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது தாயிடமிருந்து மட்டுமே வருவது. முதலாவதைக் கொண்டு ஆணா பெண்ணா, யாருடைய குட்டி என்பதை அறியலாம். இரண்டாவதைக் கொண்டு தாய்வழியைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னோக்கித் தேடலாம். இரண்டு கூட்டங்களின் டி.என்.ஏ.யில் சேர்ந்துள்ள வேறுபாடுகளைக் கணக்கிட்டால், அவை எப்போது பிரிந்தன என்பதையும் ஏறத்தாழ மதிப்பிடலாம்.

பயணம் போகாத கூட்டம்

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு அரபிக்கடலின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள். உலகின் மற்றக் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் துருவத்தை ஒட்டிய குளிர்ந்த கடலில் உண்டு, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் அது. அரபிக்கடல் கூட்டமோ அப்படித் துருவம் நோக்கிப் போவதில்லை. பருவக்காற்று வீசும்போது ஓமான் கரையோரம் ஆழத்திலிருந்து ஊட்டச்சத்து மிக்க நீர் மேலெழுகிறது. அதனால் உணவு அங்கேயே கிடைக்கிறது.

கிறிஸ்தினா பொமில்லா தலைமையிலான ஆய்வுக் குழு, ஓமான் கடலில் திமிங்கிலங்களிடமிருந்து எடுத்த 67 மாதிரிகளைத் தென்கோளத்திலும் வட பசிபிக்கிலும் வாழ்பவற்றோடு ஒப்பிட்டது. 2014இல் வெளிவந்த முடிவு வியப்பளித்தது: இக்கூட்டம் சுமார் 70,000 ஆண்டுகளாகத் தனித்து வாழ்ந்து வருகிறது. அதன் மரபணு வேறுபாடும் குறைவு. அதாவது, புதிய நோயோ சூழல் மாற்றமோ வந்தால் தாங்கும் வலிமை குறைவு.

1960களில் சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. வால் அடியிலுள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை போன்றது. ஒவ்வொன்றுக்கும் அது வேறு. அதைப் படமெடுத்துக் கணக்கிட்டபோது ஓமான் கடலில் கிடைத்த மதிப்பீடு 82 மட்டுமே. எழுபதாயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்த குலம், இன்று எங்கள் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளில் அடங்கும் எண்ணிக்கையில் நிற்கிறது! அவற்றுள் லுபான் என்ற பெண் திமிங்கிலம், 2017இல் துணைக்கோளக் கருவி பொருத்தப்பட்ட பின், ஓமானிலிருந்து அரபிக்கடலைக் கடந்து தென்னிந்தியக் கரைக்கு வந்தது. கடலில் எல்லைக்கோடு இல்லை. ஒரு நாடு மட்டும் காத்தால் போதாது.

ஒரு திமிங்கிலம் இறந்தால் என்ன?

ஒரு திமிங்கிலம் குறைந்தால் நமக்கென்ன என்று கேட்கலாம். பல திமிங்கிலங்கள் ஆழத்தில் உண்டு மேற்பரப்பில் கழிவிடுகின்றன. அக்கழிவிலுள்ள இரும்பும் நைதரசனும் நுண்பாசிகளுக்கு உரம். நுண்பாசிகளைச் சிற்றுயிர்கள் உண்ணும்; அவற்றை மீன்கள் உண்ணும். ஆக, திமிங்கிலம் கடலுக்கு உரமிடும் உழவன் எனலாம்.

2015 ஜூலையில், ஜொகூருக்கு எதிர்க்கரையான சிங்கப்பூரின் ஜூரோங் தீவருகே 10.6 மீட்டர் நீளமுள்ள ஒரு பெண் ஸ்பெர்ம் திமிங்கிலம் இறந்து மிதந்தது. வயிற்றில் கணவாயின், அதாவது நாம் சோத்தோங் என்று சொல்வதன், அலகுகள் ஏராளமாக இருந்தன. அது எதை உண்டு வாழ்ந்தது என்பதை அவை கூறின. கூடவே நெகிழிக் குப்பையும் இருந்தது. நாம் எப்படி வாழ்கிறோம் என்பதை அது கூறியது.

நம் ஜொகூர்க் கடலில்

இத்துறையில் நம் நாட்டவர் யாரும் உண்டா என்று தேடியபோது கிடைத்த பெயர் முனைவர் லூயிசா பொன்னம்பலம். இவரும் ஓமான் கடலுக்குச் சென்றவரே. அங்கு ஓங்கில்களை ஆராய்ந்து அபர்டீன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2012இல் 'மரேசெட்' என்ற கடல் பாலூட்டிகள் ஆய்வு அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். இவர் ஆராய்ந்த இடங்களுள் ஒன்று எங்கள் சாலை முடியும் இடத்திற்கு அப்பால் உள்ள சீபு, திங்கி தீவுகள். அங்கு வாழ்வது கடற்பசு, மலாயில் டூயோங்.

கடற்பசு திமிங்கில இனம் அன்று. அதன் உறவு யானை. கடற்புல்லே அதன் உணவு. மேய்ந்த இடத்தில் மணலில் நீண்ட தடம் விழும். அத்தடங்களைக் கொண்டும் சிறு விமானத்தில் பறந்து எண்ணியும் ஆய்வாளர்கள் அதன் மேய்ச்சல் நிலங்களைக் கண்டறிகின்றனர். ஒரு தாய் ஓராண்டுக்கு மேல் கருவைச் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். எனவே வலையில் சிக்கியோ படகு மோதியோ ஆண்டுக்குச் சில இறந்தாலும் கூட்டம் தேயத் தொடங்கிவிடும். தமிழகம் 2022இல் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது குறிப்பிடத்தக்கது.

அப்பாவின் கேள்வி

இதையெல்லாம் கேட்ட அப்பா, "சரி, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்றார். குளுவாங் சாலையில் இருபது ஆண்டுகளாக லோரி ஓட்டுபவர். மெர்சிங் வரை பலமுறை போயும் படகேறாதவர். அவர் கேள்வி நியாயமானது. வேலைகள் குறைவு, ஆய்வுப் பணம் அதைவிடக் குறைவு என்று மறைக்காமல் சொன்னேன். ஆனாலும் இறுதியாண்டு ஆய்வுக்குக் கடற்புல்லையே எடுக்கப்போகிறேன் என்றும் சொன்னேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மெர்சிங்குக்குப் போகிற நாளை முன்கூட்டியே சொல். லோரியில் கூட்டிப் போகிறேன்" என்றார்.

பாட்டிக்கு இழைமணியை விளக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் மட்டுமே அந்தச் சரடு தொடரும் என்றேன். "மகனுக்கு?" என்றார். மகனுக்கும் வரும், ஆனால் அவனோடு நின்றுவிடும் என்றேன்.

"அப்போ உன் அப்பாகிட்ட நான் கொடுத்தது உனக்கு வரலை. உன் அத்தை மகளுக்குப் போயிருக்கு."

சரியாகப் புரிந்துகொண்டார். ஒரு பல்கலைக்கழகத் தேர்விலும் இவ்விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

நண்பர்களே, நாம் கற்பதை நம் வீட்டாருக்கு நம் மொழியில் சொல்லிப் பார்ப்போம். சொல்ல வராத இடத்தில்தான் நமக்கே எது புரியவில்லை என்பது தெரிகிறது. கடலைப் படிக்கக் கடற்கரையில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆயர் ஈத்தாமிலிருந்தும் அதற்கு ஒரு சாலை போகிறது.