நீரில் மூழ்கி எழுந்த சித்திரங்கள்

சுதேசி ஓவியத்தின் தந்தை என்று போற்றப்படும் அபனீந்திரநாத் தாகூரின் தூரிகை பல தேசங்களின் தண்ணீரைக் குடித்தது.

நீர்வண்ண ஓவியர்களுக்குப் பொதுவாக ஒரு பயம் உண்டு. காய்ந்த படத்தின் மீது நாலு சொட்டுத் தண்ணீர் தெறித்தால் போதும், பல நாள் உழைப்பு பாழாகிவிடும். கல்கத்தாவின் ஜொராசாங்கோ மாளிகையில் வாழ்ந்த அபனீந்திரநாத் தாகூரோ (1871-1951) பாதி முடிந்த படத்தைத் தானே எடுத்துத் தண்ணீரில் அமிழ்த்தினார். காயவைத்து, மேலும் வண்ணம் தீட்டி, மறுபடியும் அமிழ்த்தினார். கவி ரவீந்திரநாத்தின் ஒன்றுவிட்ட சகோதரரின் மகனான இவர் இப்படிக் கழுவிக் கழுவி வரைந்த படங்கள்தான் நவீன இந்திய ஓவியத்தின் முதல் பெரும் அலையைத் தோற்றுவித்தன.

‘வாஷ்’ என்று அழைக்கப்படும் இம்முறையின் ரகசியம் எளிமையானது. நீர்வண்ணத்தில் நிறத்தூளைக் காகிதத்தோடு ஒட்டவைப்பது மரப்பிசின். தண்ணீர் பட்டதும் அது கரைகிறது. மேலாகப் படிந்த நிறம் மிதந்து போய்விடும். காகிதத்தின் நார்களுக்குள் இறங்கிய நிறம் மட்டும் தங்கும். அந்த ஈரத்தின் மேல் தட்டைத் தூரிகையால் மெல்லிய வண்ணநீரைப் படம் முழுவதும் பரப்புவார்கள். கோடுகளின் கூர்மை மழுங்கும்; உருவமும் பின்னணியும் ஒரே ஒளியில் தோயும். கடைசியில் கண், விரல், ஆடை மடிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் நுண்ணிய தூரிகை. மலிவான காகிதம் இந்தச் சோதனையைத் தாங்காது. அவசரக்காரர்களும் தாங்கமாட்டார்கள்.

அபனீந்திரநாத் இந்த வழிக்கு வந்தது சுற்றிவளைத்துத்தான். இளமையில் அவருக்குக் கற்பித்தவர்கள் இத்தாலியரான கிலார்டியும் ஆங்கிலேயரான பாமரும். பேஸ்டல், எண்ணெய் வண்ணம், உயிர் மாதிரியை வைத்து வரைதல் என்று ஐரோப்பியப் பாடம். பழைய டில்லிச் சித்திரங்கள் கைக்குக் கிடைத்தபோது கண் திறந்தது. 1890களின் பிற்பகுதியில் ‘கிருஷ்ண லீலை’ வரிசை பிறந்தது. 1896இல் கல்கத்தா கலைப் பள்ளியின் முதல்வராக வந்த இ.பி. ஹாவெல், அதற்கு முன் சென்னைக் கலைப் பள்ளியில் பணியாற்றியவர். மொகலாயச் சிற்றோவியங்களை உற்றுப் பார்க்கத் தூண்டியவர் அவர்தான். பின்னர் அபனீந்திரநாத்தைத் தம் பள்ளியின் துணை முதல்வராகவும் ஆக்கினார்.

நுணுக்கம் கைவந்தது. ஆனால் படத்தில் ‘பாவம்’ இல்லை என்ற குறை அவரை அரித்தது. அந்தச் சமயத்தில் பிளேக் நோய் அவருடைய சின்னஞ்சிறு மகளைக் கொண்டுபோயிற்று. தாஜ்மகாலைப் பார்த்தபடி உயிர் பிரியும் ஷாஜகானையும், காலடியில் அமர்ந்திருக்கும் மகள் ஜஹானாராவையும் அவர் வரைந்தது அதன் பிறகு, 1902இல். அந்தப் படத்தில் தந்தை சாக, மகள் பார்த்திருக்கிறாள். ஓவியரின் வீட்டில் நடந்ததோ நேர்மாறு. மகளை இழந்த துயரமெல்லாம் அதில் இறங்கியது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அது எண்ணெய் வண்ணப் படம். அந்த உணர்ச்சிக்கு ஏற்ற ஊடகம் அவருக்கு அப்போது இன்னும் கிடைத்திருக்கவில்லை.

அதைக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர்கள். 1902இல் இந்தியா வந்த சிந்தனையாளர் ஒகாகுரா, அடுத்த ஆண்டு யோகோயாமா தாய்கான், ஹிஷிதா ஷுன்சோ என்ற இரு ஓவியர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். தாய்கான் வரையும்போது நீரில் தோய்த்த அகலத் தூரிகையால் காகிதத்தை ஈரப்படுத்திக்கொள்வதை அபனீந்திரநாத் கவனித்தார். அவர் ஒருபடி மேலே போய்க் காகிதத்தையே நீரில் மூழ்கடித்தார்.

அந்த முறையில் உருவானதுதான் 1905ஆம் ஆண்டின் ‘பாரத மாதா’. வங்கம் துண்டாடப்பட்ட ஆண்டு அது. காவி உடுத்த நான்கு கரத்துப் பெண். கைகளில் நெற்கதிர், ஏடு, வெள்ளாடை, ஜபமாலை. ஆயுதம் இல்லை. அளவு சுமார் பத்தரை அங்குலத்துக்கு ஆறு அங்குலம்தான். சகோதரி நிவேதிதா இதைப் பல்லாயிரம் பிரதிகள் அச்சிட்டு நாடெங்கும் பரப்ப விரும்பினார். ஊர்வலங்களுக்கான கொடியாக இதைப் பெரிதாக்கித் தந்தவரும் ஒரு ஜப்பானியக் கலைஞரே! அந்நியத் துணியைக் கொளுத்திய இயக்கத்தின் சின்னம், பாரசீக மரபின் கோட்டையும் ஜப்பானின் ஈரத்தையும் சேர்த்துக் குழைத்தது. இதில் முரண் ஏதும் இருப்பதாக அபனீந்திரநாத் நினைக்கவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதைவிட எதுவாக மாற்றினோம் என்பதே அவருக்கு முக்கியமாக இருந்தது.

சிக்கல் பின்னால் வந்தது. சீடர்கள் பெருகினார்கள். குருவுக்குத் தேடலாக இருந்த மங்கல் ஒளி, பலருக்குச் சுலபமான சூத்திரமாயிற்று. பாதி மூடிய கண்கள், நீண்ட விரல்கள், புகைமூட்டப் பின்னணி என்று புராணப் படங்கள் குவிந்தன. ‘ஒரே மூடுபனி’ என்று விமர்சகர்கள் அலுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. முதன்மைச் சீடரான நந்தலால் போஸ் கிராமத்துச் சித்திரங்களை நோக்கி நகர்ந்து, 1938இல் ஹரிபுரா காங்கிரசுக்காகப் பளிச்சென்ற சுவர்ப்படங்களைத் தீட்டினார். இன்னொரு சீடர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை ஏற்க வந்தார். மெரினாவில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையை வடித்தவர் அவர். குருவின் மென்மைக்கும் அந்த முறுக்கேறிய தசைக்கும் எவ்வளவு தூரம்!

அந்தச் சூத்திரத்துக்குள் அபனீந்திரநாத்தும் அடங்கவில்லை. 1930இல் ஐம்பத்தொன்பதாம் வயதில் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ வரிசையாக 45 படங்கள் வரைந்தார். பாக்தாத் கதைகள்தாம், ஆனால் மாடமும் தெருவும் ஜொராசாங்கோவை நினைவூட்டின. ஒரு படத்தில் தாகூர் குடும்பத்தின் பழைய வணிக நிறுவனத்தின் பெயர்ப்பலகைகூட எட்டிப் பார்க்கிறது. கூனன் கதைக்கும் கல்கத்தா கம்பெனிக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுத் தெற்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வாழ்நாளெல்லாம் வேடிக்கை பார்த்த மனிதருக்கு எல்லாக் கதையும் அந்தத் தெருவில்தான் நடந்தது. பழந்தமிழில் ஓவியத்தை ‘எழுதுவார்கள்’. குழந்தைகளுக்குக் கதை எழுதிய அதே கைக்கு அந்தச் சொல் நன்றாகவே பொருந்தும்.

1941இல் அந்த வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. கடைசி ஆண்டுகளில் ஒடிந்த சுள்ளி, மரவேர், விழுந்த கிளை எதையாவது பொறுக்கிவந்து, சிறிது செதுக்கிப் பறவையாகவும் மிருகமாகவும் நிறுத்தினார். ‘குட்டும் காட்டாம்’ என்று பெயரிட்டார். அவற்றிலும் அவர் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. வேண்டாததை நீக்கி, உள்ளே இருந்ததை வெளியே தெரியவிட்டார். நீர்த்தொட்டி அவருக்குக் கற்பித்ததும் அதைத்தான்.