அயல்மண்ணில் ஒரு குடித்தனம் – 6: முதல் சம்பளம் வரும்வரை

கனடாவில் நிரந்தரமாகக் குடியேறும் குடும்பத்துக்குச் செலவு நான்கு கட்டங்களில் வருகிறது: விண்ணப்பம், பயணம், வேலை கிடைக்கும்வரையிலான மாதங்கள், ஊரில் தொடரும் பொறுப்புகள். முதல் இரண்டுக்கும் ரசீது உண்டு, கணக்கிடுவது எளிது. மூன்றாவது கட்டம்தான் பல குடும்பங்களைத் திணறவைக்கிறது. நான்காவது பெரும்பாலான திட்டங்களில் இடம்பெறுவதே இல்லை. கணவன், மனைவி, பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள் கொண்ட தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக டொரன்டோவுக்குச் செல்வதாக வைத்துக்கொண்டு, இந்த நான்கும் இங்கே வரிசையாகப் பார்க்கப்படுகின்றன. கணக்கு வசதிக்காக ஒரு கனடிய டாலர் 65 ரூபாய் எனக் கொள்ளப்படுகிறது.

விண்ணப்பச் செலவு

எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. வயது, படிப்பு, மொழித்திறன், வேலை அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் தரப்பட்டு, அதிகப் புள்ளி பெற்றவர்கள் விண்ணப்பிக்க அழைக்கப்படுகிறார்கள். அந்த அழைப்புக்கு முன்பே இரண்டு செலவுகள் வந்துவிடும். ஒன்று ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற மொழித் தேர்வு. இந்தியாவில் ஒருவருக்குச் சுமார் 18,000 ரூபாய். துணைவரும் எழுதினால் கூடுதல் புள்ளி கிடைக்கும் என்பதால் இருவருக்குமாகச் சேர்த்தே கணக்கிடுவது நல்லது. மற்றொன்று, இந்தியப் பட்டம் கனடியப் பட்டத்துக்கு இணையானது என்று சொல்லும் கல்வி மதிப்பீட்டுச் சான்று. இதற்குச் சுமார் 250 டாலர் ஆகும். பல்கலைக்கழகத்திடமிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் நகல் பெறவும் தபாலுக்கும் ஆகும் செலவு தனி.

அழைப்பு வந்தபின் கட்டவேண்டிய அரசுக் கட்டணம், 2024 ஏப்ரல் 30 முதல் நடப்புக்கு வந்த பட்டியலின்படி, பெரியவர் ஒவ்வொருவருக்கும் பரிசீலனைக்கு 950 டாலர், நிரந்தர வதிவிட உரிமைக்கு 575 டாலர். பிள்ளை ஒவ்வொருவருக்கும் 260 டாலர். விரல்ரேகைப் பதிவுக்குக் குடும்பத்துக்கு அதிகபட்சம் 170 டாலர். நால்வருக்கும் சேர்த்து 3,740 டாலர், ஏறத்தாழ 2.43 லட்சம் ரூபாய். இந்தக் கட்டணங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படுபவை. ஆகவே கட்டும் நாளில் உள்ள பட்டியலையே பார்க்கவேண்டும். கனடிய அரசு அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டுமே செய்துகொள்ளவேண்டிய பரிசோதனையும், பாஸ்போர்ட் அலுவலகம் வழங்கும் காவல்துறை நற்சான்றும் இவற்றோடு சேரும்.

முகவர் கட்டாயமில்லை. கனடிய அரசின் தளத்தில் குடும்பமே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பணம் வாங்கிக்கொண்டு ஒருவர் ஆலோசனை சொல்வதென்றால், அவர் கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் உரிமம் பெற்றவராகவோ, அங்குள்ள வழக்கறிஞராகவோ, கியூபெக் மாகாண நோட்டரியாகவோ இருக்கவேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தப் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்ப்பது பெரிய இழப்பைத் தடுக்கும்.

விண்ணப்பத்தில் பணத்தைப் போலவே காலமும் கணக்கில் வரவேண்டும். மொழித் தேர்வு முடிவு இரண்டு ஆண்டும், கல்வி மதிப்பீடு ஐந்து ஆண்டும் செல்லும். அழைப்பு வந்த 60 நாளுக்குள் முழு விண்ணப்பமும் போய்ச் சேரவேண்டும். மருத்துவப் பரிசோதனை 12 மாதம் மட்டுமே செல்லும். 2025 ஆகஸ்ட் 21 முதல் அதை விண்ணப்பத்துடனேயே முடித்துக்கொடுக்க வேண்டியிருப்பதால், விசாவுக்குப் பின் கிளம்புவதற்குக் கிடைக்கும் மாதங்கள் குறைந்துவிட்டன. வீட்டை விற்பது, வேலையை விடுவது, பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்குவது எல்லாம் இந்தக் குறுகிய இடைவெளிக்குள் நடந்தாக வேண்டும்.

காட்டவேண்டிய பணம்

கனடாவில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள் நீங்கலாக, பெரும்பாலான விண்ணப்பதாரர்கள் குடியேற்ற நிதி வைத்திருப்பதை நிரூபிக்கவேண்டும். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட அளவுப்படி நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது 28,362 டாலர், ஏறத்தாழ 18.4 லட்சம் ரூபாய். துணைவரும் பிள்ளைகளும் பின்னால்தான் வருவார்கள் என்றாலும் அவர்களையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். வங்கிக் கடிதத்தில் கடந்த ஆறு மாதச் சராசரி இருப்பு இருக்கவேண்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது. வீடு, நிலத்தின் மதிப்பும் செல்லாது. ஆகவே சொத்தை நம்பியிருக்கும் குடும்பம் அதைப் பணமாக மாற்றும் வேலையை விண்ணப்பத்துக்கு ஆறேழு மாதம் முன்பே தொடங்கியாக வேண்டும்.

இந்தத் தொகையைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அரசே இவ்வளவு போதும் என்கிறது, அப்படியானால் இதுதான் பட்ஜெட் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். கனடாவின் குறைந்த வருமான வரம்பில் பாதியை அடிப்படையாகக் கொண்டு, நாடு முழுவதற்கும் பொதுவாக வகுக்கப்பட்ட எண் இது. டொரன்டோவின் வாடகைக்கும் சிறு நகரத்தின் வாடகைக்கும் இது வேறுபாடு காட்டுவதில்லை.

பணமும் பெட்டிகளும்

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த வரம்பு தாராளமானது. கவனிக்க வேண்டியது டி.சி.எஸ். எனப்படும் முன்வரிப் பிடித்தம். 2025 ஏப்ரல் 1 முதல், கல்வி, மருத்துவம் தவிர்த்த பிற நோக்கங்களுக்கு அனுப்பும் பணத்தில் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதம் பிடிக்கப்படுகிறது. 18.4 லட்சத்தையும் கணவர் ஒருவரே அனுப்பினால், 8.4 லட்சத்துக்கு ஏறத்தாழ 1.68 லட்சம் ரூபாய் பிடித்தம் ஆகும். இருவரிடமும் பணம் இருந்து, ஆளுக்கு 9.2 லட்சமாக அனுப்பினால் பிடித்தமே இல்லை. பிடித்த தொகை வருமான வரிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டு, மிகுதி திரும்ப வரும்; ஆனால் பணம் அவசரமாகத் தேவைப்படும் மாதங்களில் அது கையில் இருக்காது.

சில கனடிய வங்கிகள் குடியேறுபவர்களுக்கு இந்தியாவில் இருக்கும்போதே கணக்குத் தொடங்கித் தருகின்றன. ரொக்கமாக எடுத்துச்செல்லும் வெளிநாட்டு நோட்டுகளுக்கு ஒருவருக்கு 3,000 அமெரிக்க டாலர் வரம்பு உண்டு. ரொக்கம், வரைவோலை எல்லாம் சேர்த்து 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ கொண்டுசெல்பவர் அங்குள்ள சுங்க அதிகாரியிடம் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிப்பதற்கு வரியில்லை, மறைத்தால்தான் பறிமுதலும் அபராதமும்.

குடியேறுபவர் முன்பே வாங்கிப் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்குக் கனடாவில் சுங்கவரி இல்லை. இறங்கும் நாளில் கையோடு கொண்டுவருபவற்றுக்கு ஒரு பட்டியலும், பின்னால் வருபவற்றுக்கு இன்னொரு பட்டியலும் தரவேண்டும். இரண்டாவது பட்டியலில் இல்லாத பொருள் பிறகு வந்தால் சலுகை கிடைப்பது கடினம். தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் முக்கியமானது நகை. ஒவ்வொரு நகைக்கும் புகைப்படமும் மதிப்பீட்டாளர் சான்றும் எடுத்துப் பட்டியலில் சேர்ப்பது அங்கே உதவும். கிளம்பும்போது இந்திய விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், கல்யாணம் காட்சிக்கு அதே நகையுடன் ஊருக்குத் திரும்பும்போது வரிச் சிக்கல் வராது.

டொரன்டோவில் முதல் ஆறு மாதம்

முதல் சம்பளம் எப்போது வரும் என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு மாதம் சம்பளமே இல்லை என்று வைத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. எடுத்துக்காட்டாக, இரு படுக்கையறை வீட்டு வாடகை 2,500 டாலர், உணவு 1,000, பேருந்தும் ரயிலும் 300, தொலைபேசியும் இணையமும் 150, பிற செலவு 500 என்று கொண்டால் மாதத்துக்கு 4,450 டாலர். ஆறு மாதத்துக்கு 26,700 டாலர். இதோடு, ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முன்கூட்டியே வாங்கும் கடைசி மாத வாடகை 2,500, மெத்தை, மேசை, சமையல் பாத்திரங்களுக்கு 3,000, நால்வருக்கும் பனிக்கால உடைக்கும் காலணிக்கும் 1,500 சேர்த்தால் 33,700 டாலர். எதிர்பாராச் செலவுக்குப் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கினால் 37,070 டாலர், அதாவது சுமார் 24 லட்சம் ரூபாய். அரசு காட்டச் சொன்ன 28,362 டாலரைவிட இது ஏறத்தாழ 8,700 டாலர் அதிகம். இந்த இடைவெளியைக் கிளம்புவதற்கு முன்பே நிரப்பாத குடும்பம் நான்காம் ஐந்தாம் மாதத்தில் கிரெடிட் கார்டுக் கடனில் விழுகிறது.

வாடகைக்கு வீடு கேட்கும்போது வேலைக் கடிதமும் கடன் வரலாற்று அறிக்கையும் கேட்பார்கள். இந்தியாவில் எவ்வளவு நாணயமாகக் கடன் கட்டியிருந்தாலும் அந்த வரலாறு அங்கே செல்லாது. அதனால் முதல் சில வாரங்களைத் தற்காலிகத் தங்குமிடத்தில் கழிக்க நேரும். அதற்கும் தனியாக ஒதுக்கவேண்டும். ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளில் ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அங்குள்ள தமிழ்க் கடைகளும் சங்கங்களும் கோயில்களும் புதிதாக வருபவர்களுக்கு வீடு, பகுதிநேர வேலை பற்றிய தகவல் கிடைக்கும் நல்ல இடங்கள்.

மருத்துவத்தில் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுகிறது. ஒன்டாரியோ தன் மூன்று மாதக் காத்திருப்பை 2020 மார்ச்சில் நீக்கியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் இறங்கிய மாதத்தின் மீதி நாள்களும் அடுத்த இரண்டு மாதமும் காத்திருக்கவேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்பீடு எடுத்தாகவேண்டும். எந்த மாகாணமானாலும் பெரியவர்களின் பல் வைத்தியமும் கண்ணாடியும் பொதுவாகக் கைச்செலவு. ஆகவே பல் வேலைகளை ஊரிலேயே முடித்து, ஆளுக்கு இரண்டு கண்ணாடி செய்துகொண்டு கிளம்புவது நிச்சயமான சேமிப்பு.

பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிப் படிப்பு இலவசம். கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. தமிழ்நாட்டில் ஏப்ரலில் தேர்வை முடித்துவிட்டு ஜூலை, ஆகஸ்டில் இறங்கினால் படிப்பு தடைபடாது, குளிருக்குப் பழகவும் நேரம் கிடைக்கும். தடுப்பூசிப் பதிவுகளை ஒன்டாரியோ பள்ளிகள் கட்டாயம் கேட்கும். கனடா குழந்தை நலத்தொகை 6 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைக்கு 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 6,748 டாலர். குடும்ப வருமானம் கூடக்கூடக் குறையும். விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்வரை வராது என்பதால் முதல் மாதங்களின் வரவில் இதைச் சேர்க்கக்கூடாது.

செவிலியர், மருத்துவர், ஆசிரியர், பொறியாளர் போன்றோர் மாகாண உரிமம் பெற்ற பிறகே தங்கள் தொழிலைச் செய்யமுடியும். தேர்வுக் கட்டணமும் அதற்குப் படிக்கும் மாதங்களும் பட்ஜெட்டில் ஏறவேண்டும். இத்தகைய தொழிலில் இருப்பவர்களுக்கு ஆறு மாதக் கணக்கு போதாது. ஓர் ஆண்டாக நீட்டிக்கொள்வதே நல்லது.

ஊரில் விட்டுச்செல்பவை

வீட்டை விற்கும் காலம் கையில் வரும் பணத்தைத் தீர்மானிக்கிறது. உள்நாட்டில் வசிப்பவர் 60 லட்சம் ரூபாய்க்கு வீடு விற்றால் வாங்குபவர் பிடிப்பது ஒரு சதவீதம், அதாவது 60,000 ரூபாய். வெளிநாடுவாழ் இந்தியராக விற்றால், நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல்வரிகளும் பிடிக்கப்படும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறையிடம் வாங்காவிட்டால் முழு விலைக்குமே 7.5 லட்சத்துக்கு மேல் முடங்கிவிடும். வேலைக்காக வெளிநாடு செல்பவர் ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டு முழுவதும் வெளிநாடுவாழ்பவராகவே கருதப்படுவார். ஆகவே விற்பதாக இருந்தால் கிளம்பும் ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டிலேயே முடிப்பது மேல்.

விளைநிலத்தை விற்காமல் வைத்துக்கொள்ளத் தடையில்லை. வெளிநாடுவாழ்பவரான பிறகு புதிதாக விளைநிலம் வாங்கத்தான் முடியாது. வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியேறுபவர் வருங்கால வைப்பு நிதியை முழுமையாக எடுக்கலாம். பி.பி.எஃப். கணக்கை முதிர்வுவரை தொடரலாம், அதன்பின் நீட்டிக்க முடியாது. சேமிப்புக் கணக்குகளை வெளிநாடுவாழ்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். ஆதார், வங்கி, வரி எல்லாவற்றுக்கும் ரகசிய எண் இந்தியக் கைபேசிக்கே வருவதால் அந்த எண்ணை உயிரோடு வைத்திருப்பது அவசியம். விற்காத சொத்துகளுக்குக் கனடாவில் இறங்கும் நாளின் மதிப்பை அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கவேண்டும். பின்னாளில் விற்கும்போது அந்த நாளின் மதிப்புக்கு மேல் வந்த ஆதாயத்துக்குத்தான் கனடா வரி கேட்கும்; சான்று இல்லாவிட்டால் அதை நிரூபிப்பது கடினம்.

எல்லாவற்றுக்கும் மேலானது பெற்றோரின் செலவு. அவர்களுடைய மருந்து, காப்பீட்டுத் தவணை, துணைக்கு இருப்பவரின் சம்பளம், அவசரத்துக்கு ஒருவர் பறந்துவரும் விமானக் கட்டணம் ஆகியவை மாதந்தோறும் ஒதுக்கவேண்டியவை. அவர்களை அழைத்துக்கொள்ள சூப்பர் விசா உண்டு. ஒருமுறை வந்தால் ஐந்து ஆண்டுவரை தங்கலாம். ஆனால் குறைந்தது 1,00,000 டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், வயது ஏற ஏறத் தவணையும் ஏறும். பெற்றோருக்கு இரண்டு ஆண்டுக்குப் போதுமான பணத்தைக் குடியேற்ற நிதியோடு கலக்காமல் இந்திய வங்கியிலேயே தனி வைப்பாகப் போட்டுவைக்கவேண்டும்.

நிரந்தர வதிவிட உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்து ஆண்டில் இரண்டு ஆண்டு கனடாவில் இருந்தால் போதும். இறங்கிய உடனேயே எல்லோரும் ஒன்றாகக் குடியேறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையிருப்பு ஆறு மாதத்துக்குப் போதாத குடும்பத்தில், நால்வரும் சென்று இறங்கும் முறைகளை முடித்தபின் ஒருவர் தங்கி வேலை தேடலாம். மற்றவர்கள் ஊர் திரும்பி, முதல் சம்பளம் வந்தபிறகு சேரலாம். விமானக் கட்டணம் கூடினாலும் மாதச் செலவு பாதிக்குக் கீழே இறங்கும். பட்ஜெட் போதவில்லை என்று தெரிந்தால், கடன் வாங்கிக் கிளம்புவதைவிட இந்த வழியைத் தேர்ந்தெடுப்பதே சரியான முடிவு.

(தொடரும்)