பையனை அனுப்பியவன் யார்?

வடசென்னையில் ஒரு பையனைக் கும்பலுக்குள் இழுக்கும்போது, முதல் நாளே அவன் கையில் யாரும் கத்தியைத் திணிப்பதில்லை. பிரியாணி வாங்கித் தருவார்கள், பைக்கை ஓட்டச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் எவனாவது வம்பிழுத்தால் ஏரியா அண்ணன் வந்து தட்டிக்கேட்பார். சில வாரம் கழித்து ஒரு பொட்டலத்தை அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வரச் சொல்வார். எதிர்க் கும்பல் ஆள் எத்தனை மணிக்கு டீக்கடைக்கு வருகிறான் என்று பார்த்துச் சொல்வது அதற்கடுத்த வேலை. படிப்பைப் பாதியில் விட்டவனும், அப்பாவின் குடியால் வீட்டில் இருக்கப் பிடிக்காதவனும்தான் முதலில் சிக்குகிறார்கள்.

பையன் தயங்கினால் அண்ணன் சொல்லும் பதில் ஒன்றுதான்: “உனக்கு இன்னும் பதினெட்டு ஆகல, போலீஸ் ஒண்ணும் பண்ணாது.” இது பெரும் பொய். 16 வயதைத் தாண்டியவன் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் மாட்டினால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இளைஞர் நீதிக் குழுமம் அவனுடைய மனநிலையையும் முதிர்ச்சியையும் ஆராய்ந்து, பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும். பதினெட்டு முடிந்த பிறகும் கும்பலிலேயே இருந்தால், போலீஸின் சரித்திரப் பதிவேட்டில் பெயர் ஏறலாம். 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டத்தில் போட்டால், விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

பெற்றோர் பலர் தவறுவது பையன் பிடிபடும் அந்த ராத்திரியில்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அதே அண்ணனிடம் ஓடுகிறார்கள். அவர் வக்கீல் வைக்கிறார், ஜாமீன் எடுக்கிறார். வெளியே வந்த பையன் அந்தக் கடனைத் தீர்க்க வேறு வழியில்லாமல் கத்தி தூக்குகிறான். அண்ணனுக்கு அந்தச் செலவு முதலீடுதான்.

அந்தக் கடன் தேவையே இல்லை. பதினெட்டு வயது ஆகாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எந்தக் குற்றமானாலும் அவனுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் பொது விதி, ஆள் ஜாமீன் இல்லாமலும் விடலாம். வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது போன்ற சில காரணங்களைக் காட்டி மட்டுமே ஜாமீனை மறுத்துக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பலாம். அதனால் குழுமத்தின் வாசலில் அண்ணனின் ஆட்கள் நிற்பது பையனுக்கே கேடாக முடியலாம். இலவச வக்கீலுக்குச் சட்டப் பணிகள் ஆணையத்தை 15100 என்ற எண்ணில் கேளுங்கள். பையனின் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக் கூடாது. பெரியவனாக விசாரிக்கப்படாத பையனுக்கு அந்த வழக்கு பிற்காலத்தில் வேலைக்குத் தடையாகாது என்றும் சட்டம் சொல்கிறது.

பிடிபடுவதற்கு முன்பே தடுக்க முடியும். காசு எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத புதுப் போன், பள்ளிக்கு மட்டம், கத்தியோடு எடுத்த ரீல்ஸ் கண்ணில் பட்டால், அடித்து வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள். அந்த நிமிடத்துக்காகத்தான் அண்ணன் காத்திருக்கிறார். 1098க்கு அழையுங்கள், பள்ளி ஆசிரியரிடம் பேசுங்கள். மாலை நேரம்தான் ஆபத்தான நேரம். அதற்கு அவனுக்கு ஓர் இடம் வேண்டும். வியாசர்பாடியில் கால்பந்து இருக்கிறது, காசிமேட்டுப் பக்கம் குத்துச்சண்டை இருக்கிறது, காவல்துறை நடத்தும் சிறார் மன்றங்கள் இருக்கின்றன. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா இதே வடசென்னைப் பெண்தான். வடசென்னை என்றாலே ரவுடி என்று காட்டும் சினிமாவை நம் பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

புகார் கொடுக்கும்போது பையனைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். சிறுவனைக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா 95ஆம் பிரிவில் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு. சிறுவனிடம் கஞ்சா கொடுத்தனுப்பினால் இளைஞர் நீதிச் சட்டம் 78ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல். அனுப்பியவன் யார் என்பதை எழுத்தில் கொடுத்து, இந்தப் பிரிவுகளைச் சேர்க்கும்படி கேளுங்கள்.