கோறணமேந்து உத்தியோகமும் மலுவாகோன் வீடுகளும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. சம்பளம், ஓய்வூதியம், சிலருக்கு அரசாங்க வீடு; இவை அசையா என்ற நம்பிக்கையே அதன் உட்பொருள்.

யாங்கூனில் (நம் பெரியோர் வாயில் இன்றும் ரங்கூன்தான்) இந்நம்பிக்கையோடு ஓர் ஐயமும் கலந்திருந்தது. தீ, வெள்ளம், திருடர், வேண்டாதோர் ஆகியவற்றோடு ஆட்சியாளரையும் சேர்த்து ஐவகைச் சத்துருக்களாக எண்ணுவது பர்மிய மரபு. அந்த ஆட்சியின் சம்பளம் பெறுபவனை அயலவர் முழுமனதுடன் நேசிப்பது எளிதன்று.

2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பறித்தது. மருத்துவர், ஆசிரியர், புகையிரத ஊழியர் எனப் பல்லாயிரவர் அதன்கீழ் வேலைசெய்ய மறுத்தனர். மார்ச் 10ஆம் திகதி, யாங்கூனின் மலுவாகோன் புகையிரத ஊழியர் குடியிருப்பைப் படையினர் சுற்றிவளைத்தனர். வேலைக்குத் திரும்பாத குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் வெளியேறின. மே மாதத்திற்குள் 125,000 இற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இடைநிறுத்தப்பட்டதாக அந்நாட்டு ஆசிரியர் சம்மேளனம் தெரிவித்தது. பல்கலைக்கழகங்களும் தப்பவில்லை.

1980 ஜூலை வேலைநிறுத்தத்தின்போது ஜே. ஆர். அரசாங்கம் ஏறத்தாழ 40,000 பேரை வேலைநீக்கியதை நம்மவர் மறந்திரார். உத்தியோகத்தின் உறுதி, கொடுத்தவன் கையிலேயே இருந்தது.

யாங்கூனில் புதிதாக நிகழ்ந்தது வேறொன்று. வேலையிழந்தோருக்குப் பொதுமக்கள் அரிசியும் பணமும் திரட்டிக் கொடுத்தனர். வேலைக்குப் போனோரை அயலவர் ஒதுக்கிய இடங்களும் உண்டு.