இனிப்பின் பாதை – 7: கருவி காணாத பாதி

குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறுவதையும் இன்சுலின் அதை இறக்குவதையும் சென்ற வாரம் பார்த்து முடித்தோம். இந்த வாரம் நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றையும் வெள்ளைச் சர்க்கரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஓர் எலி குறுக்கே வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா பக்கம் மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்கிற எலி அது. உடம்பில் முடி கிடையாது. சுருக்கம் விழுந்த இளஞ்சிவப்புத் தோல், உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பற்கள். ‘நேக்கட் மோல் ரேட்’ என்பது உலகம் அறிந்த பெயர். கூட்டத்துக்கு ஒரு ராணி. குட்டி போடுவது அவள் மட்டும்தான். சுண்டெலிக்கு மூன்று வயது என்பதே முதுமை. இதுவோ 30 வயதைத் தாண்டியும் வாழும். இத்தனை எலிகள் அடைத்துக்கொண்டு கிடக்கும் வளைக்குள் ஆக்சிஜன் குறையத்தானே செய்யும்? எப்படித் தாங்குகின்றன என்று சிகாகோவில் தாமஸ் பார்க், பெர்லினில் கேரி லெவின் ஆகியோரின் குழுக்கள் சோதித்து, 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதின. ஆக்சிஜன் அறவே இல்லாத கூண்டில் சுண்டெலி ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. இந்த எலி 18 நிமிடம் தாங்கியது. நிமிடத்துக்கு சுமார் 200 முறை துடித்த இதயம் 50க்கு இறங்கியது. காற்றைத் திறந்துவிட்டதும் எழுந்து நடமாட ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் அதன் ரத்தத்தில் ஏறியிருந்தது என்ன தெரியுமா? ஃப்ரக்டோஸ். நம் சர்க்கரை டப்பாவில் பாதியாக இருக்கும் அதே ஃப்ரக்டோஸ்.

செல்லுக்குள் நுழையும் குளுக்கோஸ் ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் எரிய முடியும். பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதிதான் அந்தச் சாவடி. செல்லில் ஆற்றல் நிறைந்திருந்தால் அது வழியை அடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் அமிலம் சேர்ந்தாலும் அடைக்கும். ஃப்ரக்டோஸோ சாவடிக்கு அப்பால் போய்ச் சேரும் பக்கச்சாலையில் வருகிறது. இந்த எலிக்கு மூளையிலும் இதயத்திலும் அந்தச் சாலை இருக்கிறது. காற்றில்லாத நேரத்தில் அதன் உயிரைக் காப்பது அதுதான்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், அதே சாலை நமக்கும் இருக்கிறது. மூளையிலும் இதயத்திலும் அல்ல. பெரும்பாலும் குடலில், கல்லீரலில், சிறுநீரகத்தில். நாம் அதைப் பயன்படுத்துவதும் மூச்சு முட்டும் நேரத்தில் அல்ல. வயிறு நிறையச் சாப்பிட்டு, செல்களில் ஆற்றல் நிறைந்திருக்கும்போது, மேலே ஒரு பாட்டில் குளிர்பானம் குடிக்கிறோம். குளுக்கோஸ் பாதிக்கு வழி அடைபடுகிறது. ஃப்ரக்டோஸ் பாதியைத் தடுக்க ஆள் இல்லை.

வெள்ளைச் சர்க்கரை என்கிற சுக்ரோஸில் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்திருக்கின்றன. சிறுகுடல் அவற்றைப் பிரித்துவிடுகிறது. குளுக்கோஸை உடம்பின் எல்லா செல்லும் எடுத்துக்கொள்ளும். ஃப்ரக்டோஸ் கொஞ்சமாக வந்தால் குடல் சுவரே பெரும்பகுதியை மாற்றிவிடுகிறது என்று பிரின்ஸ்டனில் ஜோஷுவா ராபினோவிட்ஸ் குழுவினர் 2018இல் சுண்டெலிகளில் காட்டினார்கள். அளவு மீறினால் மிச்சம் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே கீட்டோஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து ஃப்ரக்டோஸைப் பிடித்துப் போடுகிறது. போதும் என்று நிறுத்தத் தெரியாத நொதி அது. செலவான ஏடிபியின் ஒரு பகுதி சிதைந்து யூரிக் அமிலமாகிறது. நரம்பு வழியாக ஃப்ரக்டோஸ் ஏற்றினால் யூரிக் அமிலம் கூடுகிறது என்று ஃபின்லாந்து மருத்துவர்கள் 1967லேயே எழுதிவிட்டார்கள். சர்க்கரை சேர்த்த குளிர்பானம் தினமும் இரண்டோ அதற்கு மேலோ குடித்த அமெரிக்க ஆண்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிடக் ‘கௌட்’ என்னும் மூட்டுவாத அபாயம் 85 சதவீதம் அதிகம் என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. கால் பெருவிரல் வீங்கியவரிடம் கறியையும் பருப்பையும் குறைக்கச் சொல்பவர்கள், குளிர்பானத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

கல்லீரலுக்குள் போன ஃப்ரக்டோஸின் ஒரு பகுதி கொழுப்பாகிறது. கலிபோர்னியாவின் டேவிஸில் ஸ்டான்ஹோப், ஹேவல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடை கூடிய நடுத்தர வயதினரும் முதியவர்களும் 10 வாரம் தங்கள் கலோரியில் கால் பங்கைப் பானமாகக் குடித்தார்கள். ஒரு குழுவுக்கு குளுக்கோஸ், இன்னொன்றுக்கு ஃப்ரக்டோஸ். இரு குழுவிலும் எடை ஏறக்குறைய ஒரே அளவு கூடியது. ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு தெளிவாக ஏறியதும், இன்சுலினுக்கு உடம்பு பணிவது குறைந்ததும் ஃப்ரக்டோஸ் குழுவில்தான்.

கால் பங்கு கலோரி மிக அதிகம் என்று ஒருவர் வாதாடலாம், நியாயம்தான். அதனால்தான் 2021இல் வந்த சூரிச் ஆய்வை முக்கியமாக நினைக்கிறேன். ஆரோக்கியமான 94 ஆண்கள், தினம் 80 கிராம் சர்க்கரை கலந்த பானம், 7 வாரம். குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் ஃப்ரக்டோஸ் குடித்தவர்களின் கல்லீரல் சுமார் இரு மடங்கு கொழுப்பமிலம் தயாரித்தது. குளுக்கோஸ் குடித்தவர்களிடம் அப்படி இல்லை. சுக்ரோஸ், அதாவது சாதாரணச் சர்க்கரை குடித்தவர்களிடமும் அதே இரு மடங்கு. அவர்களுக்குக் கிடைத்த ஃப்ரக்டோஸ் பாதிதான், 40 கிராம். இதைப் படித்த பிறகு என்னால் குளிர்பானத்தைச் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

இதில் எதுவும் வீட்டில் விரல் நுனியைக் குத்திப் பார்க்கும் கருவிக்குத் தெரியாது. அது குளுக்கோஸை மட்டுமே அளக்கிறது. மூன்று மாத சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சியும் அப்படியே. ஃப்ரக்டோஸ் ரத்த குளுக்கோஸை அதிகம் ஏற்றுவதில்லை என்பதால் ஒரு காலத்தில் சர்க்கரை நோயாளிகளுக்கு அதையே பரிந்துரைத்தவர்கள் உண்டு. “தேன்தான் சேர்த்துக்கிறேன், சுகர் அவ்வளவா ஏறல” என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். தேனில் ஃப்ரக்டோஸ் சுமார் 38 சதவீதம், குளுக்கோஸ் சுமார் 31 சதவீதம். கருவி காணாத பகுதிதான் அதில் பெரிது.

பழத்தை நான் இதில் சேர்க்கவில்லை. ஓர் ஆப்பிளில் உள்ள ஃப்ரக்டோஸ் நார்ச்சத்தோடு, மென்று விழுங்கும் வேகத்தில், மெதுவாக வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பும் முழுப்பழத்துக்கு அல்ல. சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் கூடி நாளின் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள், அதாவது 25 கிராம் அளவுக்குள், இருக்கட்டும் என்கிறது அது.

நாட்டுச்சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் இடமில்லாமல் போயிற்று. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். ‘கருப்பட்டி காபி’ பலகையைப் பார்த்து இரண்டாவது டம்ளர் கேட்பவர்களுக்கு அது தெரிய வேண்டும். மீதியில் இருக்கும் இரும்பும் பிறவும் எவ்வளவு, அது உடம்பில் சேருமா என்பது அடுத்த வாரம். அதற்குள் பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் எடுத்து வையுங்கள். சுகர் வரியை அல்ல, ரத்தக் கொழுப்பைக் காட்டும் டிரைகிளிசரைடு, யூரிக் ஆசிட் என்ற இரண்டு வரிகளைப் பார்க்கப்போகிறோம்.