மார்கழிக் குளிரில் மீன் தொட்டி: ஹீட்டருக்கு முன் மூடி போடுங்கள்

"சார், மீனெல்லாம் ஒரு மூலையில ஒடுங்கிக் கிடக்குது. தீவனம் போட்டாலும் தின்ன மாட்டேங்குது" என்று மார்கழி முதல் வாரத்தில் வெள்ளக்கடையிலிருந்து ஓர் அம்மா போனில் அழைத்தார். நான் பயிர் படித்தவன், மீன் என் பாடமில்லை. ஆனாலும் அவர்களுடைய காபித் தோட்டத்துக்குப் போக வேண்டிய வேலை இருந்ததால், தெர்மாமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டேன்.

திண்ணையில் எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரக் கண்ணாடித் தொட்டி. சுமார் 2,000 லிட்டர் பிடிக்கும். தங்க வரும் விருந்தினர்கள் பார்ப்பதற்காக, மிளகு விற்ற பணத்தில் வைத்தது. மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து வந்தவை: ஏஞ்சல், கப்பி, மோலி. இவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் வேண்டும். அன்று காலை தண்ணீர் 15 டிகிரி. சில மீன்களின் உடம்பில் ரவை தூவியதுபோல் வெண்புள்ளி. குளிரில் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் இந்த நோய் எளிதில் தொற்றிக்கொள்ளும்.

வீட்டுக்காரர் 2,000 வாட் ஹீட்டர் வாங்கவே தயாராக இருந்தார். "கொஞ்சம் பொறுங்க, முதலில் கணக்குப் பார்ப்போம்" என்றேன். 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.16 யூனிட் மின்சாரம் ஆகும். இந்தத் தொட்டியை 15-லிருந்து 25 டிகிரிக்குக் கொண்டுவர 23 யூனிட். அது ஒருமுறைச் செலவுதான். தினமும் இழக்கும் சூடுதான் பணத்தைத் தின்னும்.

அந்த இழப்பை நீங்களே அளக்கலாம். இரவு ஹீட்டரை நிறுத்தும்போது ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை தெர்மாமீட்டர் பாருங்கள். 2,000 லிட்டரில் நான்கு டிகிரி இறங்கியிருந்தால், அந்த ஓர் இரவில் மட்டும் 9 யூனிட் போய்விட்டது என்று அர்த்தம்.

சூடு எங்கே போகிறது? பெரும்பகுதி மேல்பக்கமாகத்தான். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால், அது எடுத்துச் செல்லும் சூடு சுமார் 580 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர வைக்கப் போதும். எனவே காற்றுக்குச் சிறு இடைவெளி விட்டு, மேலே கண்ணாடி மூடி போடுங்கள். பின்புறமும் பக்கங்களிலும் ஓர் அங்குலத் தெர்மோகோல் ஒட்டுங்கள். அடியில் வைப்பதானால் தண்ணீர் நிரப்பும் முன்பே வைக்க வேண்டும். பிறகு இரண்டு டன்னை யார் தூக்குவது? திண்ணையைவிட உள்ளறை நல்லது, தரை தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகுதான் ஹீட்டர். ஒரே பெரிய ஹீட்டருக்குப் பதில், தெர்மோஸ்டாட் உள்ள 500 வாட் ஹீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று பழுதானால் மற்றது காப்பாற்றும். ஒன்று அணையாமலே எரிந்தாலும் மீன் உடனே வெந்துவிடாது. நாள் முழுக்க எரிந்தால்கூட ஐந்து டிகிரிதான் ஏறும், அதற்குள் நீங்கள் பார்த்துவிடலாம். குளிர்ந்த தொட்டியை ஒரே நாளில் சூடாக்காதீர்கள். நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி போதும்.

தண்ணீர் மாற்றும்போதும் கவனம் தேவை. 25 டிகிரித் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு 15 டிகிரித் தண்ணீர் ஊற்றினால், மொத்தம் இரண்டு டிகிரி இறங்கிவிடும். வெயிலில் கறுப்புத் தொட்டியில் நிறுத்திய தண்ணீரை மதியம் ஊற்றுங்கள். எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாமல் ஹீட்டர் போடாதீர்கள். கையை விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் சொந்த அபிப்ராயத்தையும் சொன்னேன்: மலைக்கேற்ற மீனை வளர்த்தால் ஹீட்டரே வேண்டாம். நீலகிரி அவலாஞ்சியில் 1907-ல் ட்ரவுட் குஞ்சு பொரிப்பகம் வந்ததே குளிர்ந்த ஓடையை நம்பித்தான். ட்ரவுட் வீட்டுத் தொட்டி மீனல்ல. ஆனால் தங்கமீனும் கோய் கெண்டையும் நம் சேர்வராயன் குளிரைத் தாங்கும், தீவனத்தை மட்டும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இப்போது பெரிய தொட்டியில் தங்கமீன்கள் நீந்துகின்றன. பிழைத்த ஏஞ்சல்கள் சமையலறைக்குப் பக்கத்தில் 150 லிட்டர் தொட்டியில், 200 வாட் ஹீட்டரோடு இருக்கின்றன.