ஆள் எடுக்கும் நாற்காலியில் யார்?

கல்லூரி இறுதியாண்டுப் பிள்ளைகளிடம் என்ன வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டால் சாஃப்ட்வேர், டெஸ்டிங், டேட்டா என்று பதில் வருகிறது. ஆள் எடுக்கும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளை அபூர்வம். ஆனால், ஐ.டி. நிறுவனத்துக்குள் யார் நுழைவது என்பதில் முதல் வெட்டு வெட்டுபவர் ரெக்ரூட்டர்தான். குவியும் விண்ணப்பங்களில் எந்தப் பத்தை மேலே அனுப்புவது என்பது அவர் கையில் இருக்கிறது. அரசு வேலையில் இடஒதுக்கீடு நமக்குக் காவல். தனியார் துறையில் அந்தக் காவல் இல்லை. அதனால் அந்த வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது நமக்குப் பெரிய விஷயம்.

பெயரும் தெருவும்

பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும், அமெரிக்கச் சமூகவியலாளர் பால் ஆட்டவெல்லும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் வெளிவந்தது. நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பும் தகுதியும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஒன்றில் உயர்சாதியைக் காட்டும் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

நம் மாநிலத்தில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதில்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு நமக்குக் கொடுத்த கொடை அது. ஆனால், பெயரில் இல்லாததை முகவரியில் தேடுகிறார்கள். ரெஸ்யூமின் அடியில் "காலனி" என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்ததற்கும் காரணம் அதில் ஒட்டியிருந்த வசைதான்.

முகவரியில் தப்பினால் இன்டர்வியூவில் "சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்" என்ற கேள்வி காத்திருக்கிறது. சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசி எழுதிய கட்டுரையும் 2007இல் அதே இதழில் வந்தது. தகுதி மட்டுமே முக்கியம் என்று சொன்ன மேலாளர்களே குடும்பப் பின்னணியையும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். சாதி என்ற சொல் வாயில் வராமலே சாதி வேலை செய்யும் விதம் இது.

தெரிந்தவர் வட்டம்

இன்று ஐ.டி. வேலைகளில் கணிசமானவை ரெஃபரல் மூலம் நிரம்புகின்றன. உள்ளே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைச் சொல்கிறார். அதற்கு நிறுவனம் பரிசுப் பணமும் தருகிறது. தெரிந்தவர் என்றால் யார்? கூடப் படித்தவர், அடுக்குமாடி வீட்டு அண்டைக்காரர், சொந்தக்காரர். நம் பிள்ளைக்குத் தெரிந்தவர்களில் ஐ.டி.யில் எத்தனை பேர்?

2003இல் தொடங்கிய லிங்க்ட்இன் தளமும் இந்த வட்டங்களின் மேல்தான் நிற்கிறது. நேரடித் தொடர்பு முதல் வட்டம், தொடர்பின் தொடர்பு இரண்டாம் வட்டம். ரெக்ரூட்டரின் வட்டம் அவர் ஊரையும் கல்லூரியையும் சுற்றியே அமைந்தால், அவர் கண்ணில் எளிதில் படுபவர்களும் அங்கிருந்தே வருவார்கள்.

எந்திரத்திடம் கொடுத்தால் நியாயம் கிடைத்துவிடுமா? அமேசான் நிறுவனம், முந்தைய பத்து ஆண்டுகளில் வந்த ரெஸ்யூம்களைக் காட்டி ஒரு மென்பொருளுக்குப் பயிற்சி கொடுத்தது. அந்தத் துறையில் ஆண்களே அதிகம் என்பதால், பெண்கள் என்ற சொல் வரும் ரெஸ்யூம்களை அது கீழே தள்ளியது. நிறுவனம் அந்த முயற்சியையே கைவிட்டதாக 2018இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பழைய பாகுபாட்டைப் பாடமாகக் கொடுத்தால் எந்திரமும் அதையே ஒப்பிக்கும்.

எஞ்சினீயரிங் படித்திருக்க வேண்டாம்

நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு இவைதான் காரணம். இதற்கு கோடிங் தெரிய வேண்டியதில்லை. பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களும் இதில் இருக்கிறார்கள். பொறுமையாகப் பேசவும், கேட்கவும், குறித்து வைக்கவும் தெரிய வேண்டும். ஜாவா வேறு, ஜாவாஸ்கிரிப்ட் வேறு என்பதுதான் முதல் பாடம். எந்த வேலைக்கு எந்தத் திறன் வேண்டும், அதைத் தேடுபொறியில் எந்தச் சொற்களை இணைத்துத் தேடுவது என்பது பழகப் பழக வந்துவிடும். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று பயப்பட வேண்டாம். தினமும் பத்துப் பேரிடம் போனில் பேசும் வேலை அது. பேச்சு தானாகத் திருந்தும்.

இணையத்தில் முகம்

பெரிய கல்லூரியின் பெயரும், உறவினர் சிபாரிசும் இல்லாத ரெக்ரூட்டருக்கு இணையத்தில் அவர் சேர்த்து வைக்கும் நற்பெயரே முதல். அதை எப்படிச் சேர்ப்பது?

முதலில், பெயருக்குக் கீழே வரும் அறிமுக வரி. "கனவுகளை இணைப்பவன்" என்றெல்லாம் எழுதினால் யார் தேடலிலும் வராது. "சென்னை, கோவை நிறுவனங்களுக்கு டெஸ்டிங் பணியாளர்கள், 0 முதல் 3 ஆண்டு அனுபவம்" என்று எழுதினால் தேடுகிறவர் கண்ணில் படும். எல்லா வேலைக்கும் ஆள் எடுப்பேன் என்று பரப்பாமல், ஒரு துறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, வாரம் ஒரு பதிவு. வேலை விளம்பரத்தை அப்படியே ஒட்டாமல், அதில் உள்ள சொற்களுக்குப் பொருள் சொல்லுங்கள். நோட்டீஸ் பீரியட் என்றால் என்ன, சி.டி.சி. என்று எழுதிய தொகைக்கும் கையில் வரும் சம்பளத்துக்கும் ஏன் வித்தியாசம், சர்வீஸ் பாண்டில் கையெழுத்துப் போடும் முன் எதைப் படிக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள், கூடவே ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வீட்டில் கேட்க ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரி அதைத் தேடிப் படிப்பார்.

மூன்றாவது, தேர்வாகாதவருக்கும் பதில் சொல்வது. இரண்டு வரி போதும். எதில் குறை என்று சொன்னால் இன்னும் நல்லது. பதிலே வராமல் காத்திருந்து சலித்த பிள்ளைகள், பதில் சொன்னவரை மறப்பதில்லை.

நான்காவது, பிறர் ரெஸ்யூமை அவர் சம்மதம் இல்லாமல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற விடக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.

கடைசியாக, பணம். வேலை தேடுபவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்பதை அறிமுகத்திலேயே எழுதி வைக்க வேண்டும். ஐ.டி. வேலை என்று நம்பி தாய்லாந்து வழியாக மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் 2022இல் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். டெபாசிட் கேட்டால் விலகுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

அடையாளத்தைக் காட்டுவதா?

பக்கத்தில் அண்ணல் அம்பேத்கர் படத்தை வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பயம் நியாயமானது. கலிபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதியால் ஒதுக்கப்பட்டார் என்று 2020இல் அம்மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டாலும் நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. அதே ஆண்டு சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையோ ஆளுநர் நிராகரித்தார். கடல் தாண்டியும் இதுதான் நிலைமை.

ஆகவே, வெளிப்படையாக இருப்பதும் இல்லாததும் அவரவர் முடிவு. வீட்டுக் கடனும் தங்கையின் படிப்பும் தோளில் இருக்கும் பிள்ளையைக் கோழை என்று யாரும் சொல்ல வேண்டாம். படம் வைக்காதவரும் செய்யக்கூடிய காரியம் உண்டு: எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, முன்கூட்டியே எழுதி வைத்துக் கேட்பது, ஊரையும் அப்பா தொழிலையும் கேட்காமல் இருப்பது, அரசுக் கல்லூரி, கிராமக் கல்லூரி என்று ரெஸ்யூமை ஒதுக்காமல் திறந்து பார்ப்பது. நம்மவர் என்பதற்காகத் தகுதியில்லாதவரை உள்ளே தள்ளுவது நம் நோக்கமல்ல. அதைத்தான் அவர்கள் இத்தனை காலம் செய்தார்கள்.

நம் ஊர்களில் அம்பேத்கர் மன்றங்களும் மாலை நேரப் பாடசாலைகளும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மடிக்கணினி, பத்து மாணவர்கள் போதும். பத்துப் பேருக்கும் பக்கம் தொடங்கிக் கொடுங்கள். முகவரியில் தெருப் பெயர் வேண்டாம், ஊரும் மாவட்டமும் போதும் என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பத்தில் ஒருவரையாவது, நீ ஏன் ஆள் எடுக்கும் வேலைக்குப் போகக் கூடாது என்று கேளுங்கள்.